சாதகம் செய்ய இடம் தேடுவது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அலைந்து கண்டது

நான் குடியிருப்பது திருப்பாதிரிப்புலியூரில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில். நாதஸ்வரம் கற்றுக்கொள்ள ஆரம்பித்த புதிதில் தினமும் காலை ஏழு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் சாதகம் செய்வேன், அதாவது ஊதிப் பழகுவேன். மூன்று மாதம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் துணி காயப்போடப் போனபோதுதான் பக்கத்து வீட்டுச் சன்னலைக் கவனித்தேன். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி மேலிருந்து கீழ்வரை இறுக்கிச் செருகியிருந்தார்கள், வெயில் பட்டு அதன் ஒரு ஓரம் வெளுத்தே போயிருந்தது. அந்த வீட்டு அண்ணன் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர், சி ஷிப்ட், அதாவது ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுப்பார். "பிள்ளை நல்ல காரியம் கத்துக்குது, அதைப் போய் எப்படி நிறுத்தச் சொல்றது" என்று அவர் வீட்டு அக்கா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் வாத்தியம் என்றாலே ஒரு மரியாதை, அதிலும் நாயனம் மங்கள வாத்தியம், அதனால் மனதுக்குள் வைத்துப் பொறுத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் நான் போய் ஊதிப் பார்க்காத இடம் குறைவு. நாதஸ்வரம், தவில், பறை, டிரம்பெட், சாக்ஸபோன் மாதிரி சத்தமான வாத்தியம் பழகுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வயலின், வீணை, புல்லாங்குழல் பழகுகிறவர்களுக்குப் பாதிதான் தேவைப்படும், அதுவும் வீட்டைப் பற்றிச் சொல்லும் பாதி.

இடம் தேடுவதற்கு முன்னால் உங்கள் சாதகத்தை இரண்டாகப் பிரியுங்கள்: சத்தம் வந்தே ஆக வேண்டியது, சத்தமே தேவைப்படாதது. நான் எழுதி வைத்துப் பார்த்தபோது என் ஒரு மணி நேரத்தில் உண்மையிலேயே ஊத வேண்டியிருந்தது இருபத்தைந்து நிமிடம்தான். மூச்சை நீட்டிப் பிடிப்பது, மேல் ஸ்தாயியில் சுருதி சேர்ப்பது, கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும்போது, உதட்டை அழுத்துவது, தளர்த்துவது, இதெல்லாம் ஊதினால்தான் வரும். ஆனால் வரிசைகளையும் கீர்த்தனையையும் மனப்பாடம் செய்வது, தாளம் போட்டுக்கொண்டு வாயால் பாடுவது, ஊதாமல் விரலை மட்டும் துளைகள் மேல் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையறையில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். பாடத் தெரியாததை ஊதாதே என்று என் வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார், அது இந்த விஷயத்தில் பெரிய வசதியாகிவிட்டது. தவில் பழகுகிறவர்கள் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, முதலில் வாயால் சொல்லி, தொடையில் தட்டி, அப்புறம் மரக்கட்டையில் அடித்துக் கை பழக்கலாம். இப்படிப் பிரித்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கான இடம்தான். அது கிடைத்துவிடும்.

சரி, எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். உங்கள் வாத்தியம் ஒரு மீட்டரில் 100 டெசிபல் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (செல்போனில் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல, தோராயமாகத் தெரிந்துகொள்ளப் போதும்). 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88 என்று குறைந்துகொண்டே போய் 64 மீட்டரில் 64, 128 மீட்டரில் 58, 256 மீட்டரில் 52 ஆகும். குடியிருப்புப் பகுதிக்கு மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஆக, மறைப்பே இல்லாத வெளியில் நின்று ஊதினால், கடைசி வீட்டிலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு இதுதான். அந்த விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை, அந்த நேரத்தில் திறந்தவெளியில் வாத்தியம் வாசிக்கக் கூடாது. விடியற்காலை நான்கு மணிச் சாதகம் என்று பழைய வித்வான்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் ஆறு மணிக்கு முன்னால் வெளியில் நான் வாத்தியத்தை எடுப்பதில்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க இடமுண்டு, அங்கே பகல் வரம்பே 50 டெசிபல்தான்.

கடற்கரையைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். தப்பில்லை, ஆனால் நேரம் தெரிந்து போக வேண்டும். சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் ஊரே அங்கேதான் இருக்கும், தவிர அப்போது கடல்காற்று ஊரை நோக்கி வீசிக்கொண்டிருக்கும். காற்று போகும் திசையில் ஒலி தரையை ஒட்டி வளைந்து ரொம்ப தூரம் போகும், எதிர்க்காற்றில் மேலே வளைந்து ஏறி ஆள் உயரத்துக்குக் கீழே அவ்வளவாக எட்டாது. விடியற்காலையில் நிலைமை தலைகீழ். ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்திருப்பதால் காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும். அந்த நேரத்தில் ஊருக்கு முதுகைக் காட்டி, அணசை (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) கடல் பக்கம் திருப்பி நின்று ஊதினால் சத்தத்தில் பெரும்பகுதியை அலையும் காற்றும் கொண்டுபோய்விடும். சித்திரை, வைகாசியில் ஆறு முதல் எட்டரை வரை இது நன்றாக வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் இந்தக் கணக்கு தப்பும். எதற்கும் ஒரு பிடி மணலை எடுத்துத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வீடு இருக்கக் கூடாது.

நிற்கும் இடம் இரண்டு குப்பங்களுக்கு நடுவில் இருக்கட்டும். தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே தாழங்குடா பக்கமாக நடந்தால் கூட்டம் குறைந்துகொண்டே வரும். புதுச்சேரி போகும் வழியில் மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் பக்கக் கரையும் வார நாட்களில் காலியாக இருக்கும். ஆனால் கடற்கரை காலி இடம் இல்லை, அது மீனவர்கள் வேலை செய்யும் இடம். வலை காயும், படகு ஏறும், கருவாடு உலரும். முதல் நாளே வாத்தியத்தைத் திறக்காமல் வெறுங்கையோடு போய் அங்கே இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். நான் கேட்டபோது வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஊது தம்பி, ஆனா வந்ததும் குப்பத்துல துட்டி கிட்டி உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பிணம் வீட்டில் கிடக்கும்போது கரையில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி கேட்டால் அந்த வீட்டாருக்கு எப்படி இருக்கும்? பறை பழகுகிறவர்களுக்கு இது மறுபக்கமாக வரும், அந்தச் சத்தம் கேட்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எழுந்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறை எல்லாக் காரியத்துக்கும் உரிய வாத்தியம் என்பது நமக்குத் தெரியும், அதை முன்கூட்டியே நான்கு பேரிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் அவர்களே நின்று கேட்பார்கள்.

உப்புக்காற்று வாத்தியத்துக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மரமும் சீவாளியும் (உதட்டில் வைத்து ஊதும் நாணல் துண்டு) இருப்பதால் நாதஸ்வரக்காரர்களுக்குப் பரவாயில்லை, ஆனால் சீவாளி காற்றில் சட்டென்று உலர்ந்து வாயைத் திறந்துகொள்ளும், ஒரு மணல்துகள் உள்ளே போனால் அன்றைக்குச் சுருதி நிற்காது. நான் சீவாளிகளை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன், உதட்டுக்குப் போகும்போதுதான் வெளியே வரும். டிரம்பெட், சாக்ஸபோன் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும், விசைகளின் ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். வயலினைக் கடற்கரைக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். தோல் பறை ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், காய்ச்சாமல் அடிக்க முடியாது. சவுக்குச் சருகு கிடக்கும் இடத்தில் நெருப்பு மூட்டுவதும் ஆபத்து, அதனால் கரையில் பழகுவதற்கு மட்டும் பைபர் தோல் போட்ட பறை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கெடிலமும் தென்பெண்ணையும் மாசியிலிருந்து ஆடி வரை பெரும்பாலும் மணல்தான், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா முடிந்து கடைகள் எடுத்த பிறகு ஆளரவம் இருக்காது. கரை உயரமாக இருக்கும் வளைவில் கீழே இறங்கி நின்றால் அந்தக் கரையே சுவர் மாதிரி சத்தத்தைத் தடுக்கும், கால் கிலோமீட்டர் தேவைப்படும் இடத்தில் அதில் பாதியே போதும். மழைக்காலத்தில் இறங்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேலே அணையில் திறந்த தண்ணீர் இங்கே மழையே இல்லாத நாளிலும் வரும்.

பண்ருட்டிப் பக்கம், கேப்பர் மலைப் பக்கம் சொந்தக்காரர்கள் யாருக்காவது முந்திரித்தோப்பு இருந்தால் கேட்டுப் பாருங்கள். இலை சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, ஆனால் சருகு மூடிய மெத்தென்ற தரையும் வீடில்லாத தூரமும் சேர்ந்து நல்ல இடமாகிவிடும். காய்க்கிற பங்குனி, சித்திரையில் காவல் இருக்கும், அப்போது சொல்லாமல் நுழைந்தால் திருட வந்ததாகத்தான் நினைப்பார்கள். சருகுக்குள் பாம்பு இருக்கும் என்பதால் நான் வண்டிப்பாதையை விட்டு இறங்குவதில்லை. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் மரம் கொடுக்கிற பலா நிற்கிற மண் அது, அங்கே வாசிக்கும்போது ஏதோ வாத்தியத்தை அதன் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்த மாதிரி இருக்கும் எனக்கு.

ஊசுடு ஏரிக்கு மட்டும் யாரும் வாத்தியம் எடுத்துப் போகாதீர்கள். அது பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளை ஒரு டிரம்பெட் கிளப்பிவிடும். பாகூர் ஏரிக்கரையிலும் அந்த மாதங்களில் வேண்டாம்.

நான் கண்டதிலேயே சிறந்த இடம் கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களிலும் வார நடுவில் முகூர்த்தம் இல்லாத நாட்கள் நிறைய. தவிர அக்கம்பக்கத்தார் மேளச் சத்தத்துக்குப் பழகியவர்கள், பகலில் அரை மணி நேரம் நாயனம் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மேனேஜரைப் பார்த்து, கற்றுக்கொள்கிறேன், வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், விளக்கு, மின்விசிறிக்கு ஆகும் கரண்ட் காசைக் கொடுத்துவிடுகிறேன், முகூர்த்தப் புக்கிங் இருந்தால் வர மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் ஏழு மண்டபத்தில் கேட்டேன், இரண்டில் சரி என்றார்கள். முடியாது என்ற ஒருவர், "எங்க ஓனர் வீட்டு விசேஷத்துக்கு ஒருநாள் வந்து வாசிப்பீங்களா" என்று மட்டும் கேட்டார். வாசிக்கப் போனேன், மறுவாரமே சாவி கிடைத்தது.

மண்டபத்துக்குள் போனதும் பெரிய ஹாலில் நின்று ஊதாதீர்கள். காலி ஹாலில் எதிரொலி நீண்டுகொண்டே போகும், ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் மேல் படிந்து பிசிறெல்லாம் மறைந்துவிடும், வாசிப்பு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும். நான் இரண்டு மாதம் அப்படி வாசித்துவிட்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்தபோது ரிஷபம், அதாவது ரி ஸ்வரம், ஒவ்வொரு தடவையும் சுருதிக்கு மேல் ஏறி நின்றது. மணமகள் அறைக்குப் போங்கள். அங்கே சுவரோரம் மெத்தைகளும் சுருட்டி வைத்த ஜமக்காளங்களும் அடுக்கியிருக்கும், அவை எதிரொலியை உறிஞ்சிவிடும், உங்கள் உதடு என்ன செய்கிறதோ அது அப்படியே காதில் விழும். அடுக்கிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, அதைப் பார்த்து நின்று ஊதுங்கள்.

கோயிலைப் பலரும் சொல்வார்கள். கோயிலில் ஊதுவது கைங்கரியம், அங்கே வாசிக்கும் முறை உள்ள கோயில் வித்வான் இருக்கிறார், அவர் வாசிக்கும் இடத்தில் நாம் சரளி வரிசை ஊதுவது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். ஊர் எல்லையில் இருக்கும் அய்யனார் கோயில் மரத்தடி வேறு விஷயம், பூசாரியிடம் கேட்டால் பூசை இல்லாத நாளில் பெரும்பாலும் சரி என்பார். திருவந்திபுரம் பக்கம் உறவினர் வீடு இருந்தால் முகூர்த்த நாட்களில் அங்கே போய்விடுங்கள், அங்குள்ள கோயில் மலையில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், பத்து மேளத்தில் உங்களுடையது பதினொன்று.

முறையாகப் படிக்க நினைக்கிறவர்களுக்கு இடப் பிரச்சினையும் சேர்ந்தே தீரும். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம் சொல்லித்தருகிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை. மாணவராகச் சேர்ந்தால்தான் உள்ளே இடம், ஆனால் அங்கே படிக்கிறவர்களைப் பழக்கம் பிடித்தால் அவர்கள் வெளியில் எங்கே சாதகம் செய்கிறார்கள் என்று தெரியவரும்.

புதுச்சேரி நகரத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். ஒட்டி ஒட்டி வீடு, நடுவில் மருத்துவமனை, பள்ளி, அமைதி தேடி வந்து தங்குகிறவர்கள். சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டி விடுவதில்லை, கிதார் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே வரியை நாற்பது தடவை ஊதிப் பழகும் இடம் அது இல்லை, நடந்து போகிறவர்களுக்கு அது பாவம். சத்தமான வாத்தியம் என்றால் வண்டியை எடுத்துத் தெற்கே பாகூர் பக்கம் வந்துவிடுவதுதான் வழி.

வெளியே போகவே முடியாத நாட்கள் இருக்கும். வீட்டில் என்ன செய்யலாம்? முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள், அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. தடுப்பது கனமான பொருள். செங்கல் சுவர் ஏற்கெனவே நன்றாகத் தடுக்கிறது, ஒழுகுவதெல்லாம் வென்டிலேட்டரிலும் கதவுக்கு அடியிலும் சன்னல் இடுக்கிலும்தான். தெருப் பக்கம் சன்னல் இல்லாத உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள், கதவடியில் கோணிச் சாக்கைச் சுருட்டி வையுங்கள், பீரோவை அடுத்த வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் சாத்துங்கள். நாதஸ்வரத்துக்கும் சாக்ஸபோனுக்கும் வாயில் துணி அடைத்துப் பயனில்லை, துளைகள் வழியாகவே சத்தம் வந்துவிடும். டிரம்பெட்டுக்குச் சத்தத்தை அடக்கும் மியூட் உண்டு. வயலினுக்குக் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் கட்டை) மேல் மாட்டும் ரப்பர் மியூட் மலிவு, பாதிச் சத்தம்கூட வராது. ஹெட்போன் மாட்டி எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் கீழ் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், கால் பெடல் மிதிப்பது தளம் வழியாக இறங்கி அவர்கள் தலைக்கு மேல் இடிக்கும், பெடலுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட்டும் பழைய மெத்தையும் வேண்டும்.

சின்ன அறையில் முழு மூச்சில் ஊதும்போது உங்கள் காதும் ஒரு காதுதான் என்பதை மறக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் போதும்.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் பேசுவது. இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். "தொந்தரவா இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "உங்க வீட்டுல எல்லாரும் தூங்குற நேரம் எது, எப்ப வாசிச்சா நல்லது" என்று கேளுங்கள், அப்போதுதான் வாயிலிருந்து நேரம் வரும். கைக்குழந்தை இருக்கிறதா, பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருக்கிறதா, உடம்புக்கு முடியாதவர்கள் யாராவது படுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். மார்ச் மாதம் முழுக்க நான் வீட்டில் வாத்தியத்தைத் தொடுவதில்லை. உங்கள் செல் நம்பரைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் ஒரு மிஸ்டு கால் விடுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தினசரி காலண்டரை எடுத்து வந்து எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று காட்டினார். இப்போது அவருடைய ஷிப்ட் கணக்கு எங்கள் வீட்டு காலண்டரிலும் இருக்கிறது. ஏ ஷிப்ட் வாரங்களில் அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், அந்த வாரங்களில் மட்டும் ஏழரைக்கு மேல் இருபது நிமிடம் மொட்டைமாடி எனக்கு. சி ஷிப்ட் வாரத்தில் தேவனாம்பட்டினம். போன மாதம் பார்த்தபோது அந்தச் சன்னல் கதவு திறந்து கிடந்தது.